உங்களுக்குத் தெரியுமா? மூட்டையை எங்கே அவிழ்ப்பது?

யூனிக்ஸ், லினக்ஸ் பக்கம் வேலை பார்ப்பவர்களுக்கு பேக்கப் எடுப்பது கைப்பழக்கம். அதைத் திரும்ப இறக்கும் நாளில்தான் கை நடுங்கும். பழைய கோப்புகள் பழைய இடத்துக்கே போனால், இப்போது ஓடிக்கொண்டிருக்கும் கோப்புகளின் தலையில் விழும். அதனால்தான் அனுபவசாலிகள் முதலில் வேறொரு டைரக்டரியில் இறக்கிப் பார்ப்பார்கள். அந்த ‘வேறு இடம்’ பற்றிய துணுக்குகள் இவை.

பெயரிலேயே டேப்

பல கோப்புகளை ஒரே மூட்டையாகக் கட்டவும் அவிழ்க்கவும் உதவும் கருவி ‘டார்’. ‘டேப் ஆர்க்கைவ்’ என்பதன் சுருக்கம்தான் அது. 1979 ஜனவரியில் வந்த யூனிக்ஸ் ஏழாம் பதிப்பில் அறிமுகமாகி, அதுவரை இருந்த ‘டிபி’ என்ற கருவியின் இடத்தைப் பிடித்தது. காந்த நாடாவுக்காகவே பிறந்தது என்பதால், மூட்டையின் பெயரைச் சொல்லும் ‘எஃப்’ எழுத்தைப் போட மறந்தால் பழைய இயந்திரங்களில் நேராக டேப் டிரைவைத் தேடிப் போய்விடும்.

ஓர் எழுத்துக்கு 10,240 பைட்

டார் மூட்டைக்குள் ஒவ்வொரு கோப்புக்கும் முன்னால் 512 பைட் அளவில் ஒரு முகவரிச் சீட்டு இருக்கும். பெயர், உரிமையாளர், அனுமதி, அளவு, தேதி எல்லாம் அதில்தான். பின்னால் வரும் உள்ளடக்கமும் 512-ன் மடங்காக நிரப்பப்படும். கடைசியில் முற்றுப்புள்ளியாக, அதே 512 பைட் அளவில் இரண்டு வெற்றுக் கட்டங்கள். இவற்றை 20 கட்டங்கள் கொண்ட தொகுதிகளாக எழுதுவது குனூ டாரின் வழக்கம். எனவே ஒரே ஓர் எழுத்து உள்ள கோப்பைக் கட்டினாலும் மூட்டை 10,240 பைட் வரும்.

முதல் ஸ்லாஷ் செய்யும் வேலை

‘/ஹோம்/கணக்கு/ஏப்ரல்’ என்று ஸ்லாஷில் தொடங்கும் முழு முகவரியைக் கொடுத்துக் கட்டினால், மூட்டைக்குள்ளும் அதே முழு முகவரி பதிவாகும். நீங்கள் எந்த டைரக்டரியில் நின்று அவிழ்த்தாலும் கோப்புகள் உங்களை மதிக்காமல் பழைய வீட்டுக்கே திரும்பும். சோலாரிஸ் போன்ற பழைய வணிக யூனிக்ஸ்களின் டார் இப்படித்தான் நடந்துகொண்டது. நேற்றைய பேக்கப்பை ‘சும்மா திறந்து பார்க்க’ நினைத்தவர், இன்று காலை முதல் திருத்திய கோப்புகளைத் தானே அழித்துக்கொள்வது இந்த வழியில்தான்.

அதே டைரக்டரிக்குள் போய் நின்று, ‘புள்ளி’யையோ வெறும் ‘ஏப்ரல்’ என்ற பெயரையோ கொடுத்துக் கட்டினால் இந்தத் தொல்லை கிடையாது. நிற்கும் இடத்தில் இறங்கும். திரும்ப இறக்குவதன் சுகமும் துக்கமும் கட்டும் நாளிலேயே முடிவாகிவிடுகிறது.

குனூ டார் முணுமுணுப்பது இதைத்தான்

லினக்ஸில் முழு முகவரி கொடுத்துக் கட்டும்போது, ‘முன்னால் உள்ள ஸ்லாஷை நீக்குகிறேன்’ என்று ஒரு வரி திரையில் வரும். பலர் அதைப் பிழை என்று நினைத்துப் பயப்படுவார்கள். பிழையல்ல, பாதுகாப்பு. கட்டும்போது மட்டுமல்ல, அவிழ்க்கும்போதும் அந்த ஸ்லாஷை அது கழற்றிவிடும். ‘கேப்பிடல் பி’ போட்டால்தான் பழையபடி முழு முகவரியை மதிக்கும். என்ன செய்கிறோம் என்று தெளிவாகத் தெரியாதவரை அந்த எழுத்துப் பக்கம் போகாமல் இருப்பது நல்லது.

கூரையையே மாற்றும் தந்திரம்

ஸ்லாஷை நீக்கத் தெரியாத பழைய டார்தான் கையில் இருக்கிறது, மூட்டையிலோ முழு முகவரி. என்ன செய்வது? ‘சிஹெச்-ரூட்’ என்ற கட்டளை இருக்கிறது. ஒரு டைரக்டரியைக் காட்டி, ‘இனி இதுதான் உனக்கு ஸ்லாஷ்’ என்று ஒரு நிரலை நம்பவைக்கும். அந்த மாய உலகத்துக்குள் டாரை ஓட்டினால், அது ‘/ஹோம்’ என்று நினைத்து எழுதுவதெல்லாம் உண்மையில் ‘/மீட்பு/ஹோம்’ என்ற இடத்தில் விழும்.

இரண்டு நிபந்தனைகள். ரூட் அதிகாரம் வேண்டும். டார் நிரலும் அதற்குத் தேவையான நூலகங்களும் அந்த டைரக்டரிக்குள்ளேயே இருக்க வேண்டும். எதையும் சாராமல் தனித்து ஓடும்படி தொகுத்த டார் இருந்தால் வேலை சுலபம். டாரும் சிஹெச்-ரூட்டும் ஒரே ஏழாம் பதிப்பு காலத்துப் பிள்ளைகள்!

சண்டைக்குச் சமாதானம்

டார் பெரிதா, ‘சிபிஐஓ’ என்ற இன்னொரு மூட்டைக் கருவி பெரிதா என்று யூனிக்ஸ் உலகம் இரண்டு கட்சியாகப் பிரிந்து நின்ற காலம் உண்டு. இரண்டு வடிவங்களையும் படிக்கக்கூடிய ‘பேக்ஸ்’ என்ற கருவியை 1992-ல் போசிக்ஸ் தரநிலை ஏற்றுக்கொண்டது. லத்தீனில் அந்தச் சொல்லுக்கு ‘அமைதி’ என்று பொருள். இறக்கும்போதே பெயரைத் திருத்தும் வசதி இதன் சிறப்பு. ‘தொடக்கத்தில் ஸ்லாஷ் இருந்தால் எடுத்துவிடு’ என்று ஒரு சின்ன விதி கொடுத்தால் போதும், முழு முகவரி மூட்டையும் நிற்கும் இடத்தில் இறங்கிவிடும். சிஹெச்-ரூட் வித்தையே வேண்டாம்.

கேப்பிடல் சி கட்டாது, போகும்

டாரில் இடம் மாற்றி இறக்க எல்லோரும் பயன்படுத்துவது ‘கேப்பிடல் சி’. ‘முதலில் அந்த டைரக்டரிக்குப் போ, அப்புறம் அவிழ்’ என்பதே அதன் பொருள். இல்லாத டைரக்டரியை அது உருவாக்காது. போக முடியவில்லை என்று சொல்லி நின்றுவிடும். முன்கூட்டியே டைரக்டரியை உண்டாக்கி வைக்க வேண்டியது நம் பொறுப்பு. ஸிப் மூட்டையை அவிழ்க்கும் ‘அன்ஸிப்’ அப்படியல்ல. இடத்தைச் சொன்னால், இல்லாவிட்டாலும் தானே உண்டாக்கிக்கொள்ளும்.

தோலை எத்தனை அடுக்கு உரிப்பது?

மூட்டைக்குள் ‘ஹோம்/கணக்கு/ஏப்ரல்’ என்று மூன்று அடுக்கு. உங்களுக்கு ஏப்ரல் மட்டும் போதும். ‘ஸ்ட்ரிப்-காம்பொனன்ட்ஸ்’ என்ற தெரிவுக்கு 2 என்று கொடுத்தால் முதல் இரண்டு அடுக்கும் உரிந்துவிடும். ஆனால் ஒன்று கவனம். ‘ஹோம்’ டைரக்டரியின் கீழ் நேராக, இரண்டே அடுக்கில் ஏதாவது கோப்பு இருந்தால், உரித்த பிறகு அதற்குப் பெயரே மிஞ்சாது. டார் அதைச் சத்தமில்லாமல் விட்டுவிடும். இறங்கிய கோப்புகளின் எண்ணிக்கை குறைகிறதே என்று குழம்புகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இந்த எண்ணைத்தான்.

டார்பாம்

அவிழ்த்தவுடன் தனி டைரக்டரிக்குள் அடங்காமல், நூற்றுக்கணக்கான கோப்புகளை நிற்கும் இடத்திலேயே சிதறவிடும் மூட்டைக்கு ‘டார்பாம்’ என்று பெயர். உங்கள் வீட்டு டைரக்டரியில் வெடித்தால், எது உங்களுடையது, எது வந்தது என்று பிரிப்பதற்குள் பொழுது போய்விடும். ‘லிஸ்ட்’ தெரிவைப் போட்டு முதல் பத்து வரிகளைப் பார்ப்பது பழைய மருந்து. 2014-ல் வந்த குனூ டார் 1.28-லிருந்து ‘ஒன்-டாப்-லெவல்’ என்றொரு புதிய மருந்தும் உண்டு. எப்படிக் கட்டியிருந்தாலும் மூட்டையின் பெயரிலேயே ஒரு டைரக்டரி உண்டாக்கி, எல்லாவற்றையும் அதற்குள் தள்ளிவிடும்.

ஒரு புள்ளி, பெரிய கோளாறு

‘புள்ளி’ போட்டுக் கட்டிய மூட்டையில் முதல் உருப்படியே அந்தப் புள்ளிதான். அதாவது, கட்டிய டைரக்டரி. அதன் அனுமதிகளும் உள்ளே பதிவாகியிருக்கும். ரூட் பயனராக ‘/டெம்ப்’பில் நின்று அதை அவிழ்த்தால், டார் ‘/டெம்ப்’பின் அனுமதியையே மாற்றிவிடும். எல்லோரும் எழுதலாம் என்று 1777-ல் இருந்த இடம் 755 ஆகிவிட்டால், மற்ற பயனர்களின் நிரல்கள் தற்காலிகக் கோப்பு எழுத முடியாமல் ஒவ்வொன்றாகப் படுக்கும். காரணம் தேடுகிறவருக்கு டார்மேல் சந்தேகமே வராது.

சாதாரணப் பயனர் செய்தால் ‘புள்ளியின் நேரத்தை மாற்ற அனுமதியில்லை’ என்பது போல ஒரு முறைப்பாடு மட்டும் வரும். எதுவானாலும் ஒரு காலி டைரக்டரியை உண்டாக்கி அதற்குள் அவிழ்த்தால் இந்த வம்பே இல்லை.

பழைய வீட்டைக் காட்டும் சுட்டி

வேறு டைரக்டரியில் இறக்கினாலும் ‘சிம்லிங்க்’ எனப்படும் சுட்டிகள் தம் பழைய புத்தியை விடாது. ‘/மீட்பு/தளம்/நடப்பு’ என்ற சுட்டி ‘/வார்/தளம்/பதிப்பு-7’ என்று முழு முகவரியைக் காட்டிக்கொண்டிருந்தால், இறக்கிய பிறகும் அங்கேயேதான் காட்டும். நீங்கள் மீட்புப் பிரதியில் விளையாடுவதாக நினைத்து ‘நடப்பு’க்குள் ஒரு கோப்பைத் திருத்துவீர்கள். திருந்துவதோ ஓடிக்கொண்டிருக்கும் தளம்.

ஒப்பிட்டுப் பார்க்கிறேன் என்று ‘டிஃப்’ போட்டாலும் ஏமாற்றம்தான். சுட்டியைப் பின்தொடர்ந்து போவது அதன் வழக்கம். இரண்டு பக்கமும் ஒரே கோப்பைத் திறந்து பார்த்துவிட்டு, வித்தியாசமே இல்லை என்று சாதிக்கும். ‘நோ-டீரெஃபரன்ஸ்’ தெரிவு கொடுத்தால்தான் சுட்டியைச் சுட்டியாகவே பார்க்கும்.

ஒரே கோப்பு வேண்டுமா?

மூட்டையிலிருந்து ஒன்றை மட்டும் எடுக்க, அதன் பெயரைப் பட்டியலில் இருப்பது போலவே எழுத்துப் பிசகாமல் கொடுக்க வேண்டும். பட்டியலில் ‘./கணக்கு/மே’ என்றிருக்க, நீங்கள் ‘கணக்கு/மே’ என்று கேட்டால் ‘அப்படி ஒன்று இங்கே இல்லை’ என்று டார் கைவிரிக்கும். கண்ணெதிரே இருக்கும்போதே!

கிடைத்த பிறகும் அது நிற்காது. மூட்டையின் கடைசிவரை படித்துக்கொண்டே போகும். அதே பெயரில் புதிய பிரதி பின்னால் சேர்க்கப்பட்டிருக்கலாம் என்ற எண்ணம்தான் காரணம். அப்படி இருந்தால் கடைசிப் பிரதியே நிலைக்கும். முதல் பிரதி போதும் என்றால் ‘அக்கரன்ஸ்’ தெரிவில் 1 கொடுக்கலாம். ஸிப் கோப்பில் பொருளடக்கம் கடைசியில் தனியாக இருப்பதால், அங்கே நேராக வேண்டிய பக்கத்துக்குப் போய்விடலாம்.

தமிழுக்கு மூன்று மடங்கு இடம்

டார் பிறந்தபோது கோப்பின் பெயருக்கு ஒதுக்கிய இடம் 100 பைட். ஆங்கிலத்தில் ஓர் எழுத்துக்கு ஒரு பைட். யூடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியீட்டுக்கும் 3 பைட். புள்ளி, கொம்பு, துணைக்கால் எல்லாம் தனிக் கணக்கு. ‘புகைப்படங்கள்’ என்ற ஒரு சொல் 13 குறியீடுகள், 39 பைட். ‘புகைப்படங்கள்/திருவிழா/தேரோட்டம்’ என்ற மூன்று சொல்லுக்கே 92 பைட் போய்விடுகிறது.

பின்னால் வந்த ‘யூஸ்டார்’ வடிவம் முன்னொட்டுக்கு 155 பைட் கூட்டிக் கொடுத்தது. குனூ டார் நீளப் பெயரைத் தனி உருப்படியாகவே எழுதிவிடும். அதைப் புரிந்துகொள்ளாத பழைய டாரில் அவிழ்த்தால் ‘லாங்லிங்க்’ என்ற பெயரில் ஒரு விசித்திரக் கோப்பு முளைக்கும். வைரஸ் அல்ல, பயம் வேண்டாம்.

இரண்டு ‘கொ’

‘கொடி’ என்று பெயரிட்ட கோப்பு, மேக்கில் கட்டி லினக்ஸில் இறக்கினால் ‘கொடி’யாகவே தெரியும். ஆனால் தேடினால் கிடைக்காது! யூனிகோடில் ‘கொ’வை இரண்டு விதமாக எழுதலாம். கொம்பும் காலும் சேர்ந்த ஒற்றைக் குறியீடு ஒன்று. கொம்பு தனி, கால் தனி என்பது இன்னொன்று. மேக்கின் பழைய எச்எஃப்எஸ் பிளஸ் கோப்பு முறைமை பெயர்களைப் பிரித்தே சேமித்தது. லினக்ஸுக்கு இரண்டும் வேறு வேறு பெயர். ஒரே டைரக்டரியில் இரண்டு ‘கொடி’ இருந்தாலும் அது வாய் திறக்காது.

தமிழுக்கு இல்லாத தொல்லை

லினக்ஸ் கர்னல் மூலநிரலில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்பதில் மட்டுமே வேறுபடும் பெயருள்ள கோப்புகள் சில உண்டு. மேக்கின் வழக்கமான கோப்பு முறைமை அந்த வித்தியாசத்தைப் பார்க்காது. அங்கே மூட்டையை அவிழ்த்தால் ஒன்றின்மேல் ஒன்று எழுதப்பட்டு, இரண்டு கோப்பு ஒன்றாகிவிடும். பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற பேதமே இல்லாத தமிழில் பெயர் வைத்தால் இந்த ஒரு வம்பு மட்டும் கிடையாது.

யார் வீட்டுப் பிள்ளை?

சாதாரணப் பயனர் அவிழ்த்தால் கோப்புகள் எல்லாம் அவருடையதாகிவிடும். ரூட் அவிழ்த்தால் பழைய உரிமையாளரிடமே போகும். பழைய உரிமையாளரை டார் முதலில் பெயரால் தேடும். அந்தப் பெயர் புது இயந்திரத்தில் இல்லையென்றால்தான் எண்ணைப் பார்க்கும். படுத்துவிட்ட சர்வரை மீட்பு சிடியில் கிளப்பி இறக்கும்போது இதுவே வினையாகும். சிடிக்குள் அதே பெயருக்கு வேறு எண் இருக்கலாம். ‘நியூமெரிக்-ஓனர்’ தெரிவு கொடுத்தால் பெயரை விட்டுவிட்டு எண்ணை மட்டும் நம்பும்.

பதினைந்து ஆண்டு திறந்திருந்த கதவு

கோப்பின் பெயருக்குள்ளேயே ‘மேல் டைரக்டரிக்குப் போ’ என்று பொருள்படும் இரட்டைப் புள்ளியைப் பலமுறை நுழைத்து வைத்தால்? நீங்கள் சொன்ன டைரக்டரியைத் தாண்டி வெளியே போய் எழுதலாம். பைத்தானின் ‘டார்ஃபைல்’ தொகுப்பில் இந்த ஓட்டை 2007-லேயே சிவிஇ-2007-4559 என்று பதிவானது. ‘நம்பாத மூட்டையைப் பிரிக்காதீர்கள்’ என்று ஆவணத்தில் ஓர் எச்சரிக்கை சேர்த்ததோடு விட்டுவிட்டார்கள். 2022-ல் ஆய்வாளர்கள் அதே ஓட்டையில் மீண்டும் தடுக்கி விழுந்த பிறகே விஷயம் சூடுபிடித்தது. பைத்தான் 3.12-ல் வடிகட்டி வந்தது, 3.14-ல் அதுவே இயல்பாகிவிட்டது.

ஸிப் உலகில் இதே தந்திரத்துக்கு ‘ஸிப் ஸ்லிப்’ என்று பெயர். 2018-ல் பல நிரல் நூலகங்களில் வெளிச்சத்துக்கு வந்தது.

42 கேபி பூதம்

‘42.ஸிப்’ என்றொரு பிரபலமான விஷமக் கோப்பு உண்டு. அளவு 42 கிலோபைட். அடுக்கடுக்காக முழுவதும் பிரித்தால் 4.5 பெட்டாபைட்! எங்கே இறக்குகிறோம் என்பதோடு, அங்கே இடம் இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லும் பாடம் இது.

எவ்வளவு இடம் வேண்டும் என்று, கோப்பைச் சுருக்கும் ‘ஜிஸிப்’பிடமே கேட்டாலும் பழைய பதிப்புகள் பொய் சொல்லும். பிரித்தால் எவ்வளவு வரும் என்ற எண்ணை அது 4 ஜிபி-க்குள் சுருட்டித்தான் எழுதி வைக்கிறது. 10 ஜிபி கோப்பு 2 ஜிபி என்று தெரியும். 2022-ல் வந்த 1.12 பதிப்பு, உண்மையிலேயே பிரித்து எண்ணிப் பார்த்துச் சொல்கிறது.

/டெம்ப் எப்போதும் வட்டு அல்ல

‘கொஞ்ச நேரத்துக்குத்தானே’ என்று பலரும் மூட்டையை அவிழ்க்கும் இடம் ‘/டெம்ப்’. ஃபெடோராவில் 2013-லிருந்தே அது நினைவகத்தில் இருக்கிறது. 2025-ல் டெபியன் 13-ம் அந்த வழிக்கு வந்துவிட்டது. அங்கே 6 ஜிபி இறக்கினால் 6 ஜிபி ராம் காலி. மறுபடி கிளப்பினால் இறக்கியதும் காலி. பெரிய மூட்டைக்கு வட்டில் தனி டைரக்டரிதான் சரி.

பட்டியலை வெளியிலிருந்து வாங்கும் கருவி

1977-ல் பிடபிள்யூபி யூனிக்ஸில் வந்த சிபிஐஓ, எதைக் கட்ட வேண்டும் என்று தானாகத் தேடாது. ‘ஃபைண்ட்’ கட்டளை பெயர்களை வரிசையாகச் சொல்ல, அது கட்டிக்கொண்டே போகும். ஃபைண்டுக்குப் புள்ளியைக் கொடுத்தால் எங்கே வேண்டுமானாலும் இறக்கலாம். முழு முகவரியைக் கொடுத்தால் பழைய ஸ்லாஷ் கதைதான். குனூ பதிப்பில் ‘நோ-அப்சல்யூட்-ஃபைல்நேம்ஸ்’ என்ற தெரிவு கைகொடுக்கும்.

இந்தக் கிழவருக்கு ஓய்வே கிடையாது. லினக்ஸ் கிளம்பும்போது கர்னல் முதலில் பிரிக்கும் சின்னக் கோப்பு முறைமை சிபிஐஓ மூட்டைதான். ஆர்பிஎம் தொகுப்பு ஒன்றிலிருந்து அசல் அமைப்புக் கோப்பு மட்டும் வேண்டுமா? ‘ஆர்பிஎம்-டு-சிபிஐஓ’ மூலம் எந்த டைரக்டரியிலும் பிரித்து எடுக்கலாம், நிறுவவே வேண்டாம். டெபியன்காரர்களுக்கு ‘டிபிகேஜி-டெப்’.

ரிஸ்டோர் கேட்கும் கடைசிக் கேள்வி

‘டம்ப்’ என்ற பேக்கப் கருவியில் எடுத்ததை ‘ரிஸ்டோர்’ மூலம் இறக்கும்போது, உரையாடல் முறையில் மூட்டைக்குள்ளேயே உலவலாம். பட்டியல் பார்க்கலாம், வேண்டியதை ‘ஆட்’ செய்யலாம், பிறகு ‘எக்ஸ்ட்ராக்ட்’. எல்லாம் நிற்கும் டைரக்டரியில் இறங்கும். முடிவில் ‘புள்ளிக்கு உரிமையும் அனுமதியும் மாற்றவா?’ என்று கேட்கும். மேலே பார்த்த அதே புள்ளிதான்! வேறு இடத்தில் இறக்குகிறவர் ‘வேண்டாம்’ என்று சொல்லிவிடலாம். டார் கேட்காமல் செய்வதை இது கேட்டுச் செய்கிறது.

இரண்டு டார், ஒரு குழாய்

மூட்டையே வட்டில் எழுதாமல், இங்கே ஒரு டார் கட்ட, அங்கே இன்னொரு டார் அவிழ்க்க, நடுவில் ஒரு பைப். டைரக்டரியை அப்படியே இடம் மாற்ற யூனிக்ஸ்காரர்களின் பழைய கைவைத்தியம். ஆனால் ‘அந்த டைரக்டரிக்குப் போ’ என்பதற்கும் ‘அவிழ்’ என்பதற்கும் நடுவில் அரைப்புள்ளி போடக்கூடாது. இரட்டை ‘அண்ட்’ குறி போட வேண்டும். அரைப்புள்ளி போட்டால், போக முடியாவிட்டாலும் நின்ற இடத்திலேயே அவிழ்க்கத் தொடங்கிவிடும். நின்ற இடம் மூல டைரக்டரியாகவே இருந்தால், படித்துக்கொண்டிருக்கும் கோப்பின் மேலேயே எழுதும்.

பழைய தேதி, புதிய ஆபத்து

டார் கோப்பின் பழைய தேதியையும் மீட்டுக் கொடுக்கும். ‘30 நாளுக்கு மேற்பட்டதை நீக்கு’ என்று இரவில் ஓடும் துப்புரவுக் கட்டளை உள்ள டைரக்டரியில் போன வருடப் பதிவுகளை இறக்கினால், காலையில் ஒன்றும் இருக்காது. ‘எம்’ எழுத்தைச் சேர்த்தால் இறக்கிய நேரமே தேதியாகப் பதிவாகும்.

நகர்த்தினால் கூடவே வரும் முத்திரை

ரெட் ஹாட் வகை லினக்ஸில் ‘எஸ்இ-லினக்ஸ்’ ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு முத்திரை குத்தும். ரூட்டின் வீட்டில் இறக்கி, பிறகு இணையதள டைரக்டரிக்கு ‘எம்வி’ மூலம் நகர்த்தினால் பழைய முத்திரையும் கூடவே வரும். அனுமதி எல்லாம் சரியாக இருந்தும் வெப் சர்வர் கோப்பைத் தொட மறுக்கும். ‘ரிஸ்டோர்கான்’ ஓட்டினால் தீர்ந்தது. ‘சிபி’ மூலம் நகலெடுத்தால் சேரும் இடத்தின் முத்திரையே விழும்.

நொடியில் மாற்ற வேண்டுமா?

மீட்புக்கான டைரக்டரியை அசலுக்குப் பக்கத்திலேயே, அதே கோப்பு முறைமையில் வையுங்கள். சரிபார்த்த பிறகு பெயர் மாற்றினால் போதும்; எத்தனை ஜிபி ஆனாலும் கண் இமைப்பதற்குள் முடியும். வேறு வட்டில் வைத்திருந்தால் ஒவ்வொரு பைட்டும் நகலாக வேண்டும்.

போர்வைக்குள் வந்த படம்

1998-ல் பிக்சார் ஸ்டுடியோவில் யாரோ ஒருவர் தவறான இடத்தில் அழிப்புக் கட்டளையை ஓட்டிவிட, ‘டாய் ஸ்டோரி 2’ படத்தின் கோப்புகள் கண்ணெதிரே மறையத் தொடங்கின. பேக்கப்பைத் தேடினால் அது ஒழுங்காக வேலை செய்திருக்கவில்லை. கைக்குழந்தையோடு வீட்டிலிருந்து வேலை பார்த்துவந்த தொழில்நுட்ப இயக்குநர் கேலின் சஸ்மனின் வீட்டுக் கணினியில் ஒரு பிரதி இருந்தது. அந்தக் கணினியைப் போர்வைகளில் சுற்றிக் காரில் வைத்து ஸ்டுடியோவுக்குக் கொண்டுவந்தார்கள். படம் 1999 நவம்பரில் திரைக்கு வந்தது.

ஐந்து வழி, ஒன்றும் உதவவில்லை

2017 ஜனவரி 31 இரவு, கிட்லேப் நிறுவனத்தின் பொறியாளர் ஒருவர் துணை சர்வரில் அழிக்க வேண்டிய தரவை முதன்மை சர்வரில் அழித்துவிட்டார். சட்டென்று நிறுத்தியபோது சுமார் 300 ஜிபி-யில் 4.5 ஜிபி மிஞ்சியிருந்தது. பேக்கப், நகல் என்று ஐந்து ஏற்பாடுகள் இருந்தும் எதுவும் கைகொடுக்கவில்லை. தரவுத்தளப் பதிப்பு பொருந்தாததால் தினசரி பேக்கப் பல நாட்களாகவே தோற்றுக்கொண்டிருந்தது, யாருக்கும் தெரியவில்லை. சோதனைச் சர்வருக்காக ஆறு மணி நேரத்துக்கு முன் ஒருவர் தற்செயலாக எடுத்துவைத்த பிரதிதான் காப்பாற்றியது. நடந்ததை ஒளிக்காமல் அவர்களே பொதுவில் எழுதினார்கள்.

ஜிமெயிலைக் காப்பாற்றிய டேப்

2011 பிப்ரவரி கடைசியில் ஒரு மென்பொருள் பிழையால் ஜிமெயில் பயனர்களில் 0.02 சதவீதம் பேரின் பெட்டி காலியானது. பல தரவு மையங்களில் இருந்த பிரதிகளையும் அதே பிழை பதம் பார்த்துவிட்டது. தப்பித்தது, கணினியோடு இணைக்காமல் தனியே வைத்திருந்த டேப் பிரதி. டேப் செத்துவிட்டது என்பவர்களுக்கு இன்னொரு செய்தி: 2021-ல் வந்த எல்டிஓ-9 டேப் ஒன்றில் சுருக்காமலே 18 டிபி கொள்ளும்.

சட்டென்று சில

● பழைய டார் சீட்டில் அளவு எழுத 11 எண்ம இலக்கங்கள்தான். அதனால் ஒரு கோப்பு 8 ஜிபி-யைத் தாண்ட முடியாது. தேதிக்கும் அதே 11 இலக்கம். அது நிரம்புவது 2242-ஆம் ஆண்டில்.

● ஏற்கெனவே இருக்கும் கோப்பை டார் கேட்காமல் மாற்றிவிடும். ‘கீப்-ஓல்ட்-ஃபைல்ஸ்’ கொடுத்தால் மாற்றாது, முறையிடும். ‘ஸ்கிப்-ஓல்ட்-ஃபைல்ஸ்’ கொடுத்தால் முறையிடவும் செய்யாது.

● ஒரே கோப்புக்கு இரண்டு ‘ஹார்ட் லிங்க்’ பெயர் இருந்தால் உள்ளடக்கம் முதல் பெயரோடு மட்டுமே கட்டப்படும். இரண்டாவதை மட்டும் தனியாக இறக்கக் கேட்டால் வராது.

● மேக்கில் கட்டிய மூட்டையை லினக்ஸில் அவிழ்த்தால் ‘புள்ளி, அடிக்கோடு’ என்று தொடங்கும் குட்டிக் கோப்புகள் சேர்ந்து இறங்கலாம். மேக்கின் கூடுதல் தகவல்கள் அவை. லினக்ஸுக்குத் தேவையில்லை.

● ராண்டல் மன்றோவின் ‘எக்ஸ்கேசிடி’ கேலிச்சித்திரம் ஒன்றில் அணுகுண்டைச் செயலிழக்கச் செய்ய, பத்து நொடிக்குள் ஒரு சரியான டார் கட்டளையை அடிக்க வேண்டும். ‘ஹெல்ப்’ என்று கேட்பதும் சரியான கட்டளைதான் என்பது அனுபவசாலிகளின் பதில்.

ஐந்து நிமிட ஒத்திகை

கடைசியாக எடுத்த பேக்கப்பை எடுங்கள். ஒரு காலி டைரக்டரி உண்டாக்குங்கள். பட்டியலில் முதல் பத்து வரியைப் பாருங்கள்: தொடக்கத்தில் ஸ்லாஷ் இருக்கிறதா, புள்ளி இருக்கிறதா, எத்தனை அடுக்கு? தெரிந்த கோப்பு ஒன்றின் பெயரை அப்படியே கொடுத்து, அதை மட்டும் அந்தக் காலி டைரக்டரியில் இறக்குங்கள். பிறகு ‘சிஎம்பி’ கட்டளையால் அசலோடு ஒப்பிடுங்கள். வேறுபட்டால் எந்தப் பைட்டில் என்று சொல்லும். ஒன்றும் சொல்லாமல் அடுத்த வரிக்கு வந்து நின்றால், இரண்டும் ஒன்றேதான். யூனிக்ஸ் மௌனமாக இருந்தால் சம்மதம் என்று பொருள்.